போன் ஹேக் ஆகிவிட்டதா? ஃபார்மேட் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

சனிக்கிழமை இரவு, கடை மூடும் நேரம். பெங்களூர் ஓகலிபுரத்தில் இட்லிக் கடை நடத்தும் அக்கா ஒருவர் வந்து போனைக் கண்ணாடிக் கவுண்டர் மேல் வைத்தார். "தம்பி, இதுல என்னமோ பூந்துடுச்சு. ஃபார்மேட் போட்டுக் குடுத்துடு."

மாலையில் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. மகனின் வண்டிக்கு டிராஃபிக் ஃபைன் 500 ரூபாய் பாக்கி, விவரம் கீழே உள்ள ஃபைலில். அனுப்பியதும் தெரியாத ஆள் இல்லை, அவர் தெருவில் பால் போடுகிறவரின் எண்தான். அக்கா ஃபைலைத் தொட்டார். ஏதோ இன்ஸ்டால் ஆனது. மூன்று தடவை 'அலவ்' கேட்டது, மூன்று தடவையும் கொடுத்தார். முதலில் ஒரு ரூபாய் கட்டிச் சரிபார்க்கச் சொல்லி ஒரு பக்கம் வந்தது. அதில் ஏடிஎம் கார்டு எண்ணையும் போட்டார். அப்புறம் அந்த ஆப் ஸ்கிரீனிலிருந்தே காணாமல் போய்விட்டது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அக்கவுண்டிலிருந்து இரண்டு தடவை பணம் போயிருக்கிறது. பேங்கிலிருந்து வந்திருக்க வேண்டிய எஸ்எம்எஸ் ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை.

ஸ்ரீராமபுரத்தில் நான் மொபைல் சர்வீஸ் கடை வைத்து 14 வருடம் ஆகிறது. இப்படி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஃபார்மேட்தான். நான் முதலில் செய்யாததும் அதுதான். போனைத் துடைத்துவிட்டால் போன் சுத்தமாகலாம். ஆனால் திருடனுக்குப் போய்ச் சேர்ந்த கார்டு எண்ணும், அவன் போனில் பதிந்துவிட்ட யுபிஐயும், திறந்து கிடக்கும் ஜிமெயிலும் அப்படியே இருக்கும். புகார் கொடுக்கத் தேவையான ஆதாரமோ அழிந்துவிடும். அதனால் எதை முதலில், எதைப் பிறகு என்ற வரிசைதான் இங்கே எல்லாமே. பணம் முதலில், ஆதாரம் அடுத்து, போன் கடைசியில். சந்தேகப்படும் போனை வைத்துக்கொண்டு அந்தப் போனையே காப்பாற்ற முயலாதீர்கள். இன்னொரு போன் கையில் இருக்கட்டும். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

உண்மையிலேயே ஹேக்தானா?

போன் சூடாகிறது, சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது, மெதுவாக இருக்கிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை பழைய பேட்டரி அல்லது நிரம்பி வழியும் ஸ்டோரேஜ். திடீர் திடீரென்று விளம்பரம் வந்தால், கடைசியாகப் போட்ட ஏதோ ஒரு 'கிளீனர்' ஆப்போ, டார்ச் ஆப்போ, இலவச வால்பேப்பர் ஆப்போ காரணமாக இருக்கும். எரிச்சலான விஷயம்தான், ஆனால் பேங்கைப் பூட்ட ஓட வேண்டிய அவசரம் இல்லை. அந்த ஆப்பை எடுத்தால் போதும்.

கீழே சொல்பவற்றில் ஒன்று நடந்தாலும் உடனே எழுந்திருங்கள். வர வேண்டிய எஸ்எம்எஸ் வருவதில்லை, அல்லது நீங்கள் திறக்காமலே படித்ததாகக் காட்டுகிறது. நீங்கள் கேட்காத ஓடிபி வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் எண்ணிலிருந்து விசித்திரமான ஃபைல் வந்ததாகச் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் தானாக லாக்அவுட் ஆகிறது. எல்லோருக்கும் டவர் இருக்கும்போது உங்கள் சிம்முக்கு மட்டும் மணிக்கணக்கில் சிக்னல் இல்லை. உங்கள் பெயரில் வேறு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். செட்டிங்ஸில் ஒரு ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யப் போனால் பக்கம் தானாக மூடிக்கொள்கிறது. இந்தக் கடைசி அறிகுறி மிக மோசமானது. உங்கள் விரலுக்கு முன்னால் இன்னொரு விரல் அந்தத் திரையில் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல், ஏதாவது ஆப் கேமராவையோ மைக்கையோ பயன்படுத்தினால் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும். ஐபோனில் மைக்குக்கு ஆரஞ்சு, கேமராவுக்குப் பச்சை. நீங்கள் யாரிடமும் பேசாதபோது அது தெரிந்தால் மேலிருந்து திரையை இழுத்து அந்தப் புள்ளியைத் தொடுங்கள், எந்த ஆப் என்று பெயர் சொல்லும். ஆண்ட்ராய்டில் 'பிரைவசி டாஷ்போர்டு' என்று தேடினால் கடந்த 24 மணி நேரத்தில் யார் யார் மைக்கைத் தொட்டார்கள் என்ற கணக்கே இருக்கும்.

பெகாசஸ் என் போனில் இருக்குமா என்று 2021க்குப் பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். அரசுகளுக்கு மட்டுமே விற்பதாக அதன் நிறுவனம் சொல்லும் விலை உயர்ந்த உளவுக் கருவி அது. நம் ஏரியாவில் மக்களின் பணத்தைத் தின்பது வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்தான், அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல். டிராஃபிக் ஃபைன், கல்யாணப் பத்திரிகை, பேங்க் ரிவார்டு பாயின்ட், கரண்ட் பில், கேஸ் கனெக்‌ஷன் என்று பெயர் மட்டும் மாறும். உள்ளே வேலை ஒன்றுதான்.

முதல் பத்து நிமிடம்

ஏரோபிளேன் மோடு போடுங்கள். போட்ட பிறகு வைஃபை, புளூடூத் இரண்டும் அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பல போன்களில் ஏரோபிளேன் மோடிலும் வைஃபை ஓடிக்கொண்டே இருக்கும். இணையம் அறுந்தால் உள்ளே இருக்கும் ஆப்பால் எதையும் வெளியே அனுப்ப முடியாது.

அடுத்து சிம்மைக் கழற்றுங்கள். அதை ஒரு பட்டன் போனில் போட்டால் மிக நல்லது. இனி வரும் ஓடிபி எல்லாம் அந்தப் பட்டன் போனுக்கு வரும், திருட்டு ஆப்புக்குப் போகாது. இப்படிச் செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. யுபிஐயைப் புதுப் போனில் பதிய, அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போயாக வேண்டும். எஸ்எம்எஸ் அனுமதி வாங்கிய கள்ள ஆப், நமக்குத் தெரியாமல் நம் சிம்மிலிருந்தே அந்தச் செய்தியை அனுப்பிவிடும். பேங்கைப் பொறுத்தவரை நாமே புதுப் போன் வாங்கி யுபிஐ போட்டது மாதிரி. அப்புறம் கார்டு விவரமும் ஓடிபியும் இருந்தால் புது பின் போட்டுவிடலாம். அக்காவுக்கு நடந்தது இதுதான். அவர் யாரிடமும் ஓடிபி சொல்லவே இல்லை.

இப்போது இன்னொரு போனிலிருந்து பேங்குக்கு போன் செய்யுங்கள். எண்ணை ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடாதீர்கள், அங்கேயும் திருடர்கள் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். பேங்கில் நான்கு விஷயம் கேளுங்கள்: கார்டை பிளாக் செய்யணும், யுபிஐயை நிறுத்தணும், நெட் பேங்கிங்கை நிறுத்தணும், அக்கவுண்டில் டெபிட் ஃப்ரீஸ் போடணும். டெபிட் ஃப்ரீஸ் என்றால் பணம் உள்ளே வரும், வெளியே போகாது. புகார் எண்ணை வாங்கி, நேரத்தோடு ஒரு பேப்பரில் எழுதுங்கள். இரண்டு பேங்கில் அக்கவுண்ட் இருந்தால் இரண்டுக்கும் செய்யுங்கள். பணம் இல்லாத அக்கவுண்ட்தானே என்று விடாதீர்கள். அதன் வழியாக அடுத்தவர் பணத்தைக் கடத்துவார்கள், நாளைக்கு போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் அதே மூச்சில் 1930க்கு அடியுங்கள். சைபர் மோசடிப் புகாருக்கு நாடு முழுக்க ஒரே எண். 2021இல் தொடங்கியபோது 155260 என்று இருந்தது, பழைய நோட்டீஸ்களில் அதுவே இன்னும் இருக்கலாம். லைன் கிடைக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப அடியுங்கள். அதே நேரத்தில் வீட்டில் இன்னொருவர் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதியட்டும். அவர்கள் கேட்பது உங்கள் அக்கவுண்ட் எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண். யுபிஐ என்றால் அந்த எண் 12 இலக்கம், பேங்க் ஸ்டேட்மென்டில் இருக்கும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், பணம் முதலில் ஒரு வாடகை அக்கவுண்டுக்குப் போய், அங்கிருந்து இரண்டு மூன்று அக்கவுண்டுகளாகப் பிரிந்து, ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வரும். அது அக்கவுண்டில் இருக்கும்போதே 1930 வழியாகத் தகவல் போனால், பணம் போய்ச் சேர்ந்த பேங்க் அதை ஹோல்டில் வைக்கும். நோட்டாகிவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது. அக்காவின் முதல் தொகை போனது போனதுதான். இரண்டாவது தொகை ஹோல்டில் நின்றது. கோர்ட் உத்தரவு வாங்கி அது கைக்கு வர மாதங்கள் ஆயின, ஆனால் வந்தது. மகன் திட்டுவானோ என்று பயந்து அன்றிரவு சும்மா படுத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

இந்த இடத்தில் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ "ஏதோ அமுக்கிட்டேன்" என்று வந்து சொன்னால் அந்த நிமிடம் கத்தாதீர்கள். என் கடைக்கு மூன்று நாள் கழித்து வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் வாங்கப்போகும் திட்டுக்குப் பயந்து தள்ளிப்போட்டவர்கள்.

பேங்க் பொறுப்பு எவ்வளவு?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டது. தவறு பேங்க் பக்கம் இருந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. பேங்க் மேலும் தவறில்லை, நம் மேலும் தவறில்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை நம் தலையில். நாமே பின்னையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், சொல்லும் வரை ஆன நஷ்டம் நம்முடையது. ஆனால் நாம் சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் பேங்கின் பொறுப்பு. அதனால்தான் புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதச் சொன்னேன். போனில் சொன்னதோடு நிறுத்தாமல் மறுநாள் பிராஞ்சில் எழுத்தில் கொடுத்து, காப்பியில் சீல் வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் செய்யலாம்.

ஆதாரத்தை எடுத்து வையுங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். சந்தேக போனின் திரையை இன்னொரு போனால் படம் எடுங்கள். வாட்ஸ்அப் செய்தி, அனுப்பிய எண், ஃபைலின் முழுப் பெயர், வந்த நேரம் எல்லாம் தெரிய வேண்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்த ஏபிகே இருக்கும், அதையும் படம் எடுங்கள். அந்தச் சாட்டை அழிக்காதீர்கள், எண்ணை பிளாக் செய்துவிட்டு அப்படியே விடுங்கள். பெரிய தொகை என்றால், விசாரிக்கும் அதிகாரி போனையே பார்க்கணும் என்று கேட்கலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரீசெட் செய்ய வேண்டாம்.

உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு கம்பெனி போனிலும் மெனு ஒவ்வொரு மாதிரி. செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் பெயரை டைப் செய்வதுதான் சுலபம். ஆங்கில மெனுவில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதலில் சேஃப் மோடுக்குப் போங்கள். பவர் பட்டனை அழுத்தி, வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் சேஃப் மோடா என்று கேட்கும். இந்த மோடில் நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாது. பக்கம் தானாக மூடிக்கொள்ளும் தொல்லையும் இருக்காது.

அக்காவின் போனில் ஆப் பட்டியலை நான் மேலிருந்து கீழே இரண்டு தடவை ஓட்டினேன். ஒன்றும் படவில்லை. மூன்றாவது தடவைதான் கவனித்தேன், பட்டியலின் உச்சியில் பெயரே இல்லாத ஒரு வரி இருந்தது. ஐகான் வெள்ளை, பின்னணியும் வெள்ளை. வெற்று இடம் போலவே இருந்தது. தொட்டால் திறந்தது. உள்ளே எஸ்எம்எஸ், போன், கான்டாக்ட்ஸ் மூன்றுக்கும் அனுமதி. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிப் போய், அழுத்தவே முடியாமல் இருந்தது. அது டிவைஸ் அட்மினாக, அதாவது போனை நிர்வகிக்கும் அதிகாரம் உள்ள ஆப்பாக, தன்னைப் பதிந்துகொண்டதால்தான் அப்படி. உங்கள் போனிலும் பட்டியலைக் கண் மேயவிடாமல் வரி வரியாகப் பாருங்கள். பெயர் இல்லாதது, 'சிஸ்டம் அப்டேட்', 'கூகுள் சர்வீஸ்' என்ற மாதிரிப் பெயரோடு அன்று இன்ஸ்டால் ஆனது, நீங்கள் போட்ட ஞாபகமே இல்லாதது, எல்லாவற்றையும் குறியுங்கள்.

எடுப்பதற்கும் வரிசை இருக்கிறது. 'அக்சஸிபிலிட்டி' என்று தேடி, அதில் 'டவுன்லோடட் ஆப்ஸ்' அல்லது 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பகுதியில் ஆன் ஆகியிருப்பதை அணையுங்கள். திரையைப் படிக்கவும், உங்கள் சார்பில் பட்டன் அமுக்கவும் முடிகிற அனுமதி இது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வந்த வசதி; திருடர்களுக்கு அது மாஸ்டர் சாவி. ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து போட்ட ஆப்புக்கு இந்த அனுமதி சுலபத்தில் கிடைக்காது, 'ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்' என்று தடுக்கும். அந்தத் தடையை எப்படி நீக்குவது என்று போனில் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்றால், அவர் யாராக இருந்தாலும் லைனை வெட்டுங்கள்.

அடுத்து 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்'. அதில் 'ஃபைண்ட் ஹப்' (முன்பு 'ஃபைண்ட் மை டிவைஸ்') போன்றதும், ஆபீஸ் மெயில் இருந்தால் அதற்கான ஆப்பும் இருக்கலாம். தெரியாததை டீஆக்டிவேட் செய்யுங்கள். இப்போது திரும்பப் போனால் அன்இன்ஸ்டால் பட்டன் உயிர் பெற்றிருக்கும். எடுத்துவிடுங்கள்.

அப்புறம் 'டீஃபால்ட் ஆப்ஸ்' பாருங்கள், எஸ்எம்எஸ் ஆப் வேறு எதற்காவது மாறியிருக்கிறதா என்று. 'நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்' பாருங்கள், அங்கிருந்தும் ஓடிபியைப் படிக்கலாம். 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பகுதியில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர், டெலிகிராம் எல்லாவற்றுக்கும் அனுமதியை அணையுங்கள். இந்த ஒரு சுவிட்சு அணைந்திருந்தால் அக்காவின் போனில் முதல் படியிலேயே நின்றிருக்கும். எனிடெஸ்க், டீம்வியூவர், குவிக்சப்போர்ட் போன்ற ஆப் இருந்து, நீங்கள் வேலைக்காகப் போடவில்லை என்றால் எடுங்கள். அவை நல்ல ஆப்கள்தான். ஆனால் 'கேஒய்சி அப்டேட் செய்கிறேன்' என்று அழைக்கிறவன் உங்கள் திரையைப் பார்க்க அவற்றைத்தான் போடச் சொல்வான்.

இதெல்லாம் முடிந்த பிறகு வைஃபையை ஆன் செய்து, பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, 'பிளே புரொடெக்ட்' போய் ஸ்கேன் செய்யுங்கள். அது ஆஃப் ஆகி இருந்தால் அதுவே ஒரு தடயம். ஆன் செய்யுங்கள். கூடுதலாக ஒன்று வேண்டும் என்றால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளம் எம்-கவச் 2 என்ற இலவச ஆப்பைப் பரிந்துரைக்கிறது, சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. விளம்பரத்தில் 'உங்கள் போனில் 5 வைரஸ்' என்று மிரட்டி வரும் ஆன்டிவைரஸ் எதையும் தொடாதீர்கள்.

ஐபோன்காரர்களுக்கு வேலை குறைவு. செட்டிங்ஸ், ஜெனரல், 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' போய், தெரியாத புரொஃபைல் இருந்தால் நீக்குங்கள். ஐபோனில் பெரும்பாலும் போனுக்குள் யாரும் புகுவதில்லை, ஆப்பிள் அக்கவுண்ட் பாஸ்வேர்டு போயிருக்கும். அக்கவுண்ட் பக்கத்தின் அடியில் இருக்கும் டிவைஸ் பட்டியலைப் பாருங்கள்.

போனுக்கு வெளியே திறந்திருக்கும் கதவுகள்

வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் லாக்அவுட். பிறகு 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு 6 இலக்க பின் வையுங்கள், பிறந்த தேதி வேண்டாம். டெலிகிராமில் 'டிவைசஸ்'.

கால் ஃபார்வர்டிங் பாருங்கள். கூரியர்காரன் என்று சொல்லி ஒரு நட்சத்திரக் குறி கோட் அடிக்கச் சொல்லியிருந்தால், உங்களுக்கு வரும் அழைப்பு அவனுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஓடிபியை குரலில் சொல்லும் அழைப்பும்தான். போன் ஆப்பின் செட்டிங்ஸில் 'கால் ஃபார்வர்டிங்' போய் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், அல்லது ##002# அடியுங்கள். போகவில்லை என்றால் உங்கள் நெட்வொர்க் கஸ்டமர் கேரிடம் நீக்கச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் 'இது என் எண் இல்லை' என்று அங்கேயே சொல்லலாம்.

பாஸ்வேர்டு மாற்றுவதை சுத்தமான போனிலோ கம்ப்யூட்டரிலோ மட்டும் செய்யுங்கள். முதலில் ஜிமெயில், ஏனென்றால் மற்ற எல்லா பாஸ்வேர்டும் 'மறந்துவிட்டது' என்று சொன்னால் அங்கேதான் வரும். கூகுள் அக்கவுண்ட், செக்யூரிட்டி, 'யுவர் டிவைசஸ்' போய்த் தெரியாததை வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையதா என்று பாருங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டும் பாருங்கள். பேங்க் மெயிலை மட்டும் அழிக்கும் ஃபில்டர் போட்டு வைப்பது உண்டு. அப்புறம் நெட் பேங்கிங், யுபிஐ பின், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். டைரியில் எழுதி பீரோவில் வைத்தாலும் பரவாயில்லை, ஒரே பாஸ்வேர்டை விட அது மேல்.

போனைக் கையில் எடுக்கக்கூடியவரே செய்திருந்தால்

இது பணத் திருட்டு இல்லை, கணவரோ வீட்டில் இருக்கும் வேறு யாரோ உங்களைக் கண்காணிக்கும் விஷயம். இதைக் கேட்டு வருகிற பெண்கள் கடையில் ஆள் குறையும் வரை ஓரமாகக் காத்திருப்பார்கள். "நான் எங்க போனாலும் அவருக்குத் தெரியுது" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கும். இதற்குப் பெரும்பாலும் உளவு ஆப்கூடத் தேவையில்லை. கூகுள் மேப்ஸில் 'லொகேஷன் ஷேரிங்' ஆன் செய்து வைத்திருப்பார், அல்லது உங்கள் கூகுள் அக்கவுண்ட் அவர் போனில் திறந்திருக்கும், அல்லது வாட்ஸ்அப் அவர் லேப்டாப்பில்.

மேலே சொன்ன வரிசை இங்கே பொருந்தாது. நீங்கள் உளவு ஆப்பை நீக்கிய நிமிடமோ பகிர்வை நிறுத்திய நிமிடமோ அவருக்குத் தெரிந்துவிடும், அடி விழும் வீடாக இருந்தால் அதுவே ஆபத்து. முதலில் நம்பிக்கையான ஒருவரின் போனிலிருந்து பேசுங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசரம் என்றால் 112. எங்கே தங்குவது, யார் துணை என்று முடிவான பிறகு போனைத் தொடுங்கள். ஐபோனில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' உள்ளே 'சேஃப்டி செக்' என்று ஒன்று இருக்கிறது, யாரோடு எதைப் பகிர்கிறீர்கள் என்று காட்டி, ஒரே இடத்தில் வெட்ட வழி செய்யும். ஐஓஎஸ் 16 முதல் வந்தது.

இப்போது ஃபார்மேட்

ஆப்பை எடுத்த பிறகும் சந்தேகம் போகவில்லை, அல்லது அக்சஸிபிலிட்டி அனுமதி வாங்கியிருந்தது என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவதே நிம்மதி. போட்டோ, வீடியோ, கான்டாக்ட் மட்டும் பேக்கப் எடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யாதீர்கள், அந்த ஏபிகேயும் சேர்ந்து வரும். கூகுள் ஐடியும் பாஸ்வேர்டும் தெரிகிறதா என்று முன்பே உறுதி செய்யுங்கள். தெரியாவிட்டால் ரீசெட்டுக்குப் பிறகு போன் திறக்காமல் போகலாம். திரும்ப வந்ததும் முதலில் சாஃப்ட்வேர் அப்டேட், அப்புறம் ஒவ்வொரு ஆப்பாக பிளே ஸ்டோரிலிருந்து. செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன பழைய போன் என்றால் அதில் பாட்டு கேளுங்கள், பேங்க் ஆப் போடாதீர்கள்.

கடையில் கொடுத்துச் செய்வதானால், நானும் கடைக்காரன்தான், இருந்தும் சொல்கிறேன்: லாக் பின்னைப் பேப்பரில் எழுதி ஒட்டிக் கொடுக்காதீர்கள். கூடவே நின்று நீங்களே திறந்து கொடுங்கள். ஸ்கிரீன், பேட்டரி வேலைக்கு விட்டுப் போக வேண்டியிருந்தால் சாம்சங்கில் 'மெயின்டெனன்ஸ் மோடு', பிக்சலில் 'ரிப்பேர் மோடு' போடுங்கள். உங்கள் போட்டோ, சாட் எதுவும் தெரியாமல் கடைக்காரர் வேலை பார்க்கலாம்.

ஸ்டேஷன்

1930இல் சொன்னதோடு வேலை முடியவில்லை. பெங்களூரில் சைபர் குற்றங்களை விசாரிக்கும் சென் (சைபர், பொருளாதாரம், போதைப்பொருள்) போலீஸ் ஸ்டேஷன்கள் டிவிஷன்வாரியாக இருக்கின்றன. தூரம் என்றால் பக்கத்து ஸ்டேஷனுக்கே போகலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் இந்த மாதிரி ஏமாற்றுக்கு உரியவை. 1930 ரசீது எண், பேங்க் ஸ்டேட்மென்ட், எடுத்து வைத்த படங்களின் பிரின்ட், ஆதார் நகல் கொண்டுபோங்கள். கன்னடத்தில் எழுத வராது என்று நம் ஆட்கள் நிறையப் பேர் ஸ்டேஷன் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். கன்னடம் படித்த பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள், ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது பத்தாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்.

அடுத்த ஒரு மாதம்

உங்கள் எண்ணிலிருந்து ஏபிகே எல்லோருக்கும் போயிருக்கும், அதனால் குரூப்பிலும் ஸ்டேட்டஸிலும் "என் நம்பரில் இருந்து வந்த ஃபைலைத் தொடாதீங்க" என்று போடுங்கள். பால்காரருக்கு அன்றிரவே நான் போன் செய்தேன். அவர் எண்ணிலிருந்து அப்படி ஒன்று போனதே அவருக்குத் தெரியாது. அவர் மறுநாள் காலை ஆறு மணிக்கு, பால் போட்ட கையோடு, போனை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார்.

ஒரு மாதம் வரை பேங்க் ஸ்டேட்மென்டை வாரம் ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள், சின்னத் தொகையையும் விடாதீர்கள். ஆதார் நகல் போனில் இருந்திருந்தால் ஆதாரின் அதிகாரப்பூர்வ ஆப்பில் பயோமெட்ரிக் லாக் போடுங்கள். உங்கள் பெயரில் யாராவது லோன் எடுத்திருக்கிறார்களா என்று கிரெடிட் ரிப்போர்ட் பாருங்கள். ஒவ்வொரு கிரெடிட் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். இப்போது ஒன்று, இரண்டு மூன்று மாதம் கழித்து வேறொரு நிறுவனத்திடம் இன்னொன்று வாங்குங்கள். புது லோன் ரிப்போர்ட்டில் ஏறக் கொஞ்ச நாள் பிடிக்கும்.